எடை கேட்பவள்

எடை கேட்காமல் நான் யாரையும் உறங்க வைப்பதில்லை.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்,
பதினாறு வருஷமாக இதுதான் கணக்கு.
குறைத்துச் சொல்பவர்களை முகத்திலேயே தெரியும்.
நானாக ஐந்து கூட்டிக்கொள்வேன்.

கயாலாமி நுழைவாயிலில் இன்று என்னைக் கேட்டார்கள்.
"படிவத்தில் எடை விட்டுப்போச்சு, டாக்டர் படையாச்சி.
வண்டியோட எடை."
இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்தி
வெளியே எட்டிப் பார்த்தான்,
பின்னால் காண்டாமிருகம் ஏதும் கட்டியிருக்கிறதா என்று.

உள்ளே உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது, அது விதி.
தரையில் இறக்கி வைத்தேன்:
தேஷனின் ஒற்றை ஹாக்கி பூட்ஸ்,
கோகி ஆன்ட்டிக்குத் திருப்பித் தராத ஊறுகாய் ஜாடி,
மின்வெட்டுக்கென்று வாங்கிய டார்ச்சுகள் நான்கு
(ஒன்றிலும் பேட்டரி இல்லை),
டர்பன் காவடியிலிருந்து வந்த விபூதிப் பொட்டலம், பாதி கொட்டியது,
வீட்டைப் பற்றிய வக்கீல் கடிதம், பிரிக்காதது.
எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ தேறும்.
வண்டி அதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்து இருக்கையில் ரெஃபில்வே.
என் வயதில் பாதி; ஹெல்மெட்டில் வரிக்குதிரை.
"கயாலாமின்னா என் வீடுன்னு அர்த்தம், தெரியுமா?
இந்த உயரத்தில காத்து மெலிசு.
டர்போ இருக்கு, இன்ஜின் மூச்சு வாங்காது."
மூச்சைப் பற்றி என்னிடமே.

நேர்பாதை.
ஐந்நூற்றுச் சொச்சம் குதிரைகளும்
லாயத்தில் தீ என்று கேள்விப்பட்டதுபோல் பாய்ந்தன.
முதுகு இருக்கைக்குள் புதைந்தது.
என் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது,
யாருடையதோ போலிருந்தது.

பிறகு வளைவு.
குதிரைகள் எங்கோ போய்விட்டன, எடை மட்டும் மிச்சம்.
ஸ்டியரிங்கைத் திருப்பினேன்; வண்டி திரும்பவில்லை,
கூப்பிட்டால் 'ம்' சொல்லிவிட்டு
எழுந்து வராத ஆளைப் போல.
"இன்னும் திருப்பாதீங்க. காத்திருங்க.
எடை முன்னால வரட்டும்."
காத்திருந்தேன்.
வந்தது:
பின்னிருக்கையில் இத்தனை நேரம் பேசாமலிருந்த ஒருவர்
முன்னே நகர்ந்து உட்கார்ந்த மாதிரி.
அப்புறம்தான் திரும்பியது.

சுரங்கக்குழி என்று பேர் அடுத்த இறக்கத்துக்கு.
என் ஆட்கள் கரும்புக்கு வந்தவர்கள்.
சுரங்கத்தில் இறங்கியது ரெஃபில்வேயின் ஆட்கள்.
இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம்,
வயிறு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

பழைய கோல்ஃப் ஒன்று பின்னால்.
கதவில் துரு; தொள்ளாயிரம் கிலோகூட இராது.
நேர்பாதையில் கண்ணாடிக்குள் புள்ளியாய்ச் சிறுக்கும்,
வளைவில் என் கதவோரம் வந்து நிற்கும்.
மறுபடி புள்ளி. மறுபடி கதவு.
நான்காம் சுற்றில் விளக்கைப் போட்டு வழிவிட்டேன்.
ஓட்டியவர் கிழவர், தொப்பையோடு;
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் சுற்றில் பிரேக் மிதி மெத்தென்றது.
அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று,
அடியில் பதில் சொல்ல யாருமில்லை.
அடுப்பில் மறந்த வெந்தயத்தின் வாடை.
"போதும்," என்றாள். "கடைசிச் சுற்று.
பிரேக்கைத் தொடாம, சும்மா காத்து வாங்கிட்டு வரலாம்."
பாதை ஓரத்துப் புல்லை அப்போதுதான் பார்த்தேன்.
மழை காணாமல் வெளுத்துக் கிடந்தது,
நடுவே ஹடேடா பறவை இரண்டு,
எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல்.

"நிறுத்தினதும் கைப்பிரேக் வேண்டாம்.
சூட்டோட பிடிச்சா ஒட்டிக்கும்."
இந்த வண்டி யாரையும் கேட்பதில்லை,
நின்றால் தானே பிடித்துக்கொள்ளும்.
எந்தப் பொத்தானை அணைப்பது என்று
மூன்று பட்டியல்கள் தேடினோம்.
முட்டுக் கொடுக்கக் கட்டை கிடைக்கவில்லை.
அவள் தேஷனின் பூட்ஸை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்தாள்.
போதுமாயிருந்தது.

இரும்பு டிக் டிக்கென்று ஆறியது.
நான் தரையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.
கடிதத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இருபது கிராம் இருக்கும்.
பழக்கதோஷம்,
நானாக ஐந்து கூட்டிக்கொண்டேன்.